அப்பாவுக்கு ஓர்மைப் பிசகு (ஞாபக மறதி): யாரிடம் காட்டுவது, எப்படிக் கூட்டிப் போவது?

திங்கள்சந்தை மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 69 வயது. திங்கள்சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பேப்பரும் பேனாவும் இல்லாமல் இருபது சாமானுக்கு மனதிலேயே கூட்டிச் சொல்லும் ஆள். இந்த வருடம் மீதிச் சில்லறை தப்பித் தப்பிக் கொடுக்கிறார். கடன் நோட்டில் ஒரே ஆளின் பெயரில் ஒரே தொகையை இரண்டு தடவை எழுதி வைத்திருக்கிறார். காலையில் சொன்ன விஷயத்தை மத்தியானம் புதிதாகக் கேட்பது போலக் கேட்கிறார். போன மாதம் இரணியலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது குளச்சல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அந்த வழி அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தது.

சர்க்கரையும் பிரஷரும் நெடுநாளாக இருக்கிறது. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறார். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். போனில் பேசும்போது அப்பா நன்றாகத்தானே பேசுகிறார் என்கிறான். சித்தப்பா வர்ம வைத்தியரிடம் காட்டலாம் என்கிறார். அப்பாவிடம் ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்தால், "எனக்குக் கோட்டி பிடிச்சிருக்குன்னா சொல்லுதா?" என்று கோபப்படுகிறார். முதலில் யாரிடம் போக வேண்டும்? என்ன சோதனை செய்வார்கள்? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

வில்லுக்குறி மைனி

மக்களே, என் மாமியாரை நான்தான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பியுங்கள். 'மறதி இருக்கிறது' என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. நீங்கள் இங்கே எழுதியிருக்கிறீர்களே, மீதிச் சில்லறை, கடன் நோட்டு, குளச்சல் பஸ், அப்படி எழுத வேண்டும். முன்னால் தானாகச் செய்த எந்த வேலையில் இப்போது தடுமாறுகிறார் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

அப்புறம், எப்போது தொடங்கியது, எப்படித் தொடங்கியது என்பது முக்கியம். மெல்ல மெல்ல வந்ததா, ஒரே நாளில் வந்ததா, கொஞ்ச நாள் ஒரே மாதிரி இருந்து படிப்படியாக இறங்கியதா? நடை மாறியிருக்கிறதா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா, இல்லாத ஆள் இருப்பதாகச் சொல்கிறாரா, தூக்கத்தில் கத்திக் கையை வீசுகிறாரா? கேட்டால் சங்கடமாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயின் பக்கம் கை காட்டுகிறது.

போனில் பேசுகிறவருக்கு வித்தியாசம் தெரியாதது உண்மைதான். பத்து நிமிடப் பேச்சை எங்கள் மாமியார் கடைசிவரை அழகாகச் சமாளித்தார். அண்ணனிடம் வாக்குவாதம் வேண்டாம். அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

சம்மதிக்க வைப்பது பற்றி: பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். நடுவழியில் தெரிந்தால் அதற்குப் பிறகு எங்கேயும் வர மாட்டார். சர்க்கரை, பிரஷர், கிட்னி எல்லாம் முழுசாகப் பார்த்து நாளாகிவிட்டது என்பது உண்மைதானே. அதையே சொல்லுங்கள். ஓர்மைச் சோதனை அதோடு சேர்ந்தே நடந்துவிடும். 'உங்களுக்குப் புத்தி தப்புகிறது' என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

குளச்சல்காரன்

தங்கச்சி, தப்பாக நினைக்காதே. எங்கள் பாட்டா 86 வயதில் என்னை என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. சோறு கொடுத்து, திண்ணையில் உட்கார வைத்து, மரியாதையாக வைத்திருந்தோம், நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு நோய்ப் பெயர். பெயர் வைத்ததும் அந்த மனுஷன் பாதி செத்துப் போவான். குணமாக்க மருந்து கிடையாது என்றுதானே டாக்டர்களும் சொல்கிறார்கள். குணமாகாத ஒன்றைக் கண்டுபிடித்து என்ன ஆகப் போகிறது?

ஓய்வுபெற்ற செவிலி, நாகர்கோவில்

குளச்சல் தம்பி, உங்கள் பாட்டாவை நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்தில் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதி வீடுகள் இதைச் சொல்லித்தான் வருடங்களைக் கடத்துகின்றன.

வயதானால் எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பது சரியல்ல. 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய், அதாவது டிமென்ஷியா. தலைக்கணக்கில் ஏறத்தாழ 88 லட்சம் பேர். அது பெரிய எண்தான். அதே நேரம், நூறு பெரியவர்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இல்லை என்பதும் அதே கணக்குதான். வயதானவருக்குப் பெயர் உடனே வராது, கொஞ்ச நேரம் கழித்து வரும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவார், யோசித்துக் கண்டுபிடிப்பார். நடந்த நிகழ்ச்சியே மனதில் பதியாமல் போவதும், பழகிய வழி தப்புவதும், முப்பது வருடம் பார்த்த கணக்கு கைவிட்டுப் போவதும் வேறு. இந்த அப்பாவுக்கு இருப்பது இரண்டாவது வகை.

இன்னொன்று, ஓர்மை குறைந்தாலே அது குணமாகாத நோய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். தைராய்டு சுரப்பு குறைந்தால் புத்தி மந்தமாகும். பி12 வைட்டமின் குறைந்தாலும் ஆகும். ரத்தத்தில் சோடியம் இறங்கினால் ஆள் குழம்பிப் போவார். சர்க்கரை அடிக்கடி தாழ்ந்தால், மண்டைக்குள் ரத்தம் கட்டினால், மூளையில் நீர் கோத்தால், மனச்சோர்வு இருந்தால், அப்போதும் இப்படி ஆகும். வார்டில் வருடக்கணக்காக இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். இவற்றில் பல சரியாகும், அல்லது நன்றாகக் குறையும். நாள் கடந்தால் சில சரியாகாது. பி12 குறைவை நீண்ட காலம் விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்வது. 'வயசு' என்ற சொல் சோதனை எல்லாம் முடிந்த பிறகு வேண்டுமானால் வரட்டும்.

மகளே, உங்களுக்கு: முதலில் ஒரு பொது மருத்துவர் போதும். அரசில் என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவு. அங்கே பார்த்துவிட்டு நரம்பியலுக்கோ மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். மனநலம் என்றதும் பயப்பட வேண்டாம், மனச்சோர்வா மறதி நோயா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். தக்கலை உங்களுக்குப் பக்கம் என்றால் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். காலையில் நேரத்தோடு போய்விடுங்கள், பெரியவர்கள் வெயில் ஏற ஏறக் களைத்துப் போவார்கள், களைத்தால் சோதனையில் தடுமாறுவார்கள். காப்பீட்டு அட்டை, ஆதார், பழைய சீட்டுகள், வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளும் ஒரு பையில் போகட்டும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியும், காது கருவி இருந்தால் அதுவும். காது கேட்காமல் தப்பாகப் பதில் சொல்வதை மறதி என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

என்ன செய்வார்கள் என்றால், முதலில் கேள்விகள், அவரிடம் தனியாக, உங்களிடம் தனியாக. அவர் முன்னால் சொல்ல முடியாததை அந்த நோட்டைக் கொடுத்துச் சொல்லிவிடலாம். பிறகு நடக்கச் சொல்வார்கள், கை கால் இறுக்கம் பார்ப்பார்கள். ஓர்மைச் சோதனை பெரும்பாலும் 30 மதிப்பெண்ணுக்கு இருக்கும். இன்றைக்கு என்ன தேதி, இது எந்த இடம், சில சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பது, 100-இலிருந்து ஏழு ஏழாகக் குறைப்பது, ஒரு கடிகாரம் வரைந்து முள் போடச் சொல்வது. தயவுசெய்து வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள், அங்கே பக்கத்தில் நின்று பதிலை எடுத்தும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பாசத்தில் அதைச் செய்கிறார்கள், டாக்டருக்குக் கிடைப்பது தப்பான படம்.

ரத்தத்தில் சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, கிட்னி, ஈரல், சோடியம், கால்சியம், தைராய்டு, பி12, ரத்த அணுக்கள் இவ்வளவும் பார்ப்பது வழக்கம். டாக்டர் எழுதவில்லை என்றால் தைராய்டையும் பி12-யும் நீங்களே மரியாதையாகக் கேளுங்கள். தலைக்கு ஒரு சிடி ஸ்கேன் அல்லது எம்ஆர்ஐ. ஸ்கேனில் 'மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது' என்று எழுதியிருந்தால் அதைப் பார்த்து அழ வேண்டாம், வயதானவர்களில் பலருக்கு அப்படி எழுதுவார்கள். ஸ்கேன் மட்டும் வைத்து மறதி நோய் என்று சொல்ல முடியாது.

மருந்துக்கடை அண்ணன், மார்த்தாண்டம்

மாத்திரைப் பையைப் பற்றி அக்கா சொன்னதற்கு நான் கொஞ்சம் சேர்க்கிறேன். அந்தத் தூக்க மாத்திரையின் பெயரைப் பாருங்கள். அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம் இந்த வகையில் ஏதாவது என்றால், பெரியவர்களுக்கு அதுவே ஓர்மையைக் கெடுக்கும், கால் தடுமாறி விழவும் வைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. நெடுநாள் போட்டவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரை போகும். டாக்டர் சொல்லும் அளவில் மெல்லக் குறைக்க வேண்டும்.

சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடங்குவதற்கான ஆக்சிபியூட்டினின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில், இவையெல்லாம் மூளையில் ஓர்மைக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுக்கும். ஒன்று போட்டால் பலருக்குத் தெரியாது, மூன்று சேர்ந்தால் தெரியும். வேறு வேறு டாக்டர் வேறு வேறு சமயத்தில் எழுதியவை ஒரே வயிற்றில் சேர்வதை யாரும் கவனிப்பதில்லை.

சர்க்கரைக்காரர் என்பதால் இன்னும் இரண்டு. மெட்ஃபார்மின் வருடக்கணக்காகப் போடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். கிளிமிபிரைடு வகை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை தாழும், அந்த நேரத்துக் குழப்பம் மறதி போலவே இருக்கும். கடைக்காரர்கள் மத்தியானச் சோறு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் தடுமாறும் நேரத்தில் வீட்டு மெஷினில் ஒரு தடவை சர்க்கரை பாருங்கள்.

குலசேகரம் ரப்பர்

அப்பா சமீபத்தில் எங்கேயாவது விழுந்தாரா? இதைக் கட்டாயம் யோசித்துப் பாருங்கள்.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது மழை ஈரத்தில் வழுக்கிப் பாறையில் தலை இடித்துக்கொண்டார். ரத்தம் வரவில்லை, கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். தைலம் தேய்த்துவிட்டு மறுநாளே வெட்டப் போய்விட்டார். சில வாரங்கள் கழித்து ஆள் மாறிப் போனார். பேச்சு குறைந்தது, உட்கார்ந்த இடத்தில் தூங்குவார், வெட்டிய மரத்தையே மறுபடி வெட்டப் போவார், இடது காலை இழுத்தார். ஊரில் எல்லோரும் வயசு என்றார்கள். ஒரு தனியார் டாக்டர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மாதான் விடவில்லை. "இது வயசு இல்ல, இந்த மனுஷனுக்கு உள்ளுக்கு என்னமோ ஆயிருக்கு" என்று பிடிவாதமாக நின்றாள். ஸ்கேன் எடுத்தால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. மண்டையில் சின்னத் துளை போட்டு வடித்தார்கள். இன்றைக்கு மறுபடி தோட்டத்துக்குப் போகிறார். வெட்ட நாங்கள் விடுவதில்லை, மேற்பார்வைதான்.

குளச்சல் அண்ணாச்சி, உங்கள் வார்த்தையைக் கேட்டுச் சும்மா இருந்திருந்தால் எங்களுக்கு அப்பா இல்லை. கோபத்தில் சொல்லவில்லை, மனதில் இருந்ததைச் சொன்னேன். இதய அடைப்புக்கு ஆஸ்பிரின் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறவர்களுக்கு இது லேசான அடியிலேயே வரும் என்று எங்களிடம் சொன்னார்கள்.

குளச்சல்காரன்

தம்பி, கோபம் இல்லை. இப்படி ஒன்று இருப்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அப்பா நன்றாக இருக்கட்டும்.

களியக்காவிளை எல்லை

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைப் பற்றி யாராவது கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். நம் மாவட்டத்தில் நரம்பு சம்பந்தமாக எதுவானாலும் முதல் பேச்சு அதுதான். நல்ல இடம், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் வாசலாக அங்கே போகாதீர்கள். இங்கே ஒரு டாக்டர் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முடிந்து, அவர் கைப்பட எழுதிய கடிதத்தோடு போனால்தான் அங்கே பார்க்கும் நேரம் உங்களுக்குப் பயன்படும். இளம் வயதில் வந்த பிரச்சினை, வேகமாக இறங்குவது, மறதியைவிட நடத்தை மாற்றம் அதிகம் என்பது போன்றவைக்குத்தான் அது மிகவும் தேவைப்படும்.

மொழி பற்றி ஒன்று. என் அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததல்லவா, அம்மா பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்தது மலையாளம்தான். வீட்டில் பேசுவது தமிழ். சோதனையில் ஒரு தமிழ் வாக்கியத்தை வாசித்துச் செய்யச் சொன்னபோது அம்மா முழித்தார்கள். அது ஓர்மைக் குறைவு இல்லை, தமிழ் எழுத்து பழக்கம் இல்லை. உளவியலாளரிடம் சொன்னதும் வாசிப்புப் பகுதியை மலையாளத்தில் கொடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த எழுத்தை வசதியாக வாசிப்பார், எந்த வகுப்புவரை படித்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படிப்பும் மதிப்பெண்ணை மாற்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் மாவட்ட எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். ஆனாலும் பள்ளிக்கூட வாசலைப் பார்க்காத அம்மாமார் கடற்கரையிலும் மலையோரத்திலும் இருக்கிறார்கள். 20 மதிப்பெண் எடுத்தாலும் அவர்களில் பலருக்கு நோய் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் 28 எடுத்துவிட்டு வீட்டில் அடுப்பை அணைக்காமல் விடுவார். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதி அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

திங்கள்சந்தை மகள்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஆடி மாதம் அப்பா குளிமுறியில் வழுக்கியது உண்டு, தலையில் பட்டதா என்று தெரியாது. நோட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். அண்ணனுக்கு நாலு பக்கம் அனுப்பினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை, பிறகு "பணம் அனுப்புகிறேன், உடனே காட்டு" என்றான். சித்தப்பா விஷயம்தான் மீதி. வைத்தியரிடம் முதலில் காட்டிவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரி என்கிறார். அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது, கடையில் அப்பாவுக்குத் துணை அவர்தான்.

வில்லுக்குறி மைனி

பகைக்க வேண்டாம் மக்களே. நம் ஊரில் வர்மமும் சித்தமும் தலைமுறையாக வந்தவை, எங்கள் வீட்டிலும் உண்டு. சித்தப்பாவிடம், "முதலில் ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிடுவோம், அந்த ரிசல்ட்டை வைத்தியரிடமும் காட்டலாம்" என்று சொல்லுங்கள். நல்ல வைத்தியர் அதைத்தான் கேட்பார். ஸ்கேனுக்கு முன்னால் தலையிலும் கழுத்திலும் யாரும் அழுத்தித் தடவ வேண்டாம், அதில் மட்டும் உறுதியாக இருங்கள். உள்ளுக்கு எது கொடுத்தாலும், லேகியமோ பஸ்பமோ, டாக்டரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகளில் உலோகம் சேரும், சில மருந்துகள் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்தும். சித்தப்பாவையே ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூட்டிப் போங்கள். கூட வந்தவர் எதிராகப் பேச மாட்டார்.

சுசீந்திரம் டீச்சர்

இழைக்கு நடுவில் என் கேள்வி. எனக்கே 52 வயதுதான். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது சொல் வருவதில்லை. பிள்ளைகள் பெயர் மாறிப் போகிறது. எதற்காக அறைக்குள் வந்தேன் என்று நிற்கிறேன். மாதவிலக்கு நின்று கொண்டிருக்கும் சமயம், தூக்கமும் சரியில்லை. அம்மாவுக்கு 75 வயதில் மறதி நோய் வந்தது. அதனால் ராத்திரியெல்லாம் பயம்.

ஓய்வுபெற்ற செவிலி, நாகர்கோவில்

டீச்சர், அம்மாவுக்கு 75-இல் வந்தது உங்களுக்கு 52-இல் வரும் என்று அர்த்தம் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு முதுமையில் வந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவே. தலைமுறை தலைமுறையாக 40, 50 வயதிலேயே வரும் குடும்பங்கள் வேறு, அவை மிக அபூர்வம். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் கவனம் சிதறுவதும் சொல் தட்டுப்படாமல் போவதும் நிறையப் பெண்களுக்கு நடக்கிறது. 'எனக்கு மறக்கிறது' என்று தானே விவரமாகச் சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தூக்கம், கவலை, தைராய்டு, ரத்தசோகை. மறதி நோய்க்காரர்கள் பலர் தனக்கு ஒன்றும் இல்லை என்பார்கள், வீட்டார்தான் கவலைப்படுவார்கள். இது முழு விதி இல்லை, அதனால் நீங்களும் ஒரு தடவை காட்டுங்கள். குறட்டை உண்டா, காலையில் எழும்போது தலை பாரமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடுவதும் ஓர்மையைக் கெடுக்கும், அதற்குச் சிகிச்சை உண்டு. ராத்திரி பயம் அதிகமாகி மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

திங்கள்சந்தை மகள்

காட்டிவிட்டோம். முழுசாகச் சொல்கிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

அப்பா வந்தது சர்க்கரைப் பரிசோதனைக்கென்றுதான். சித்தப்பாவும் வந்தார். அந்த இளம் டாக்டர் அப்பாவிடம், "அண்ணாச்சி, கடையில அரிசி இப்ப என்ன விலை?" என்று ஆரம்பித்தார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பேச்சோடு பேச்சாகச் சோதனை முடிந்தது, 30-க்கு 21. கணக்குக் கேட்டபோது நாலாவது கழித்தலில் நின்றுவிட்டார். சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வெளியே வந்து பேசவில்லை.

ஸ்கேனில் ரத்தக் கட்டு இல்லை. மூளை ரத்தக் குழாயில் பழைய சின்னச் சின்ன அடைப்புகள் இரண்டு இருக்கிறதாம், எங்களுக்குத் தெரியாமலே வந்து போனவை. சோடியம் 126. 135 இருக்க வேண்டுமாம். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருந்ததால் இறங்கியிருக்கிறது என்று மாற்றிவிட்டார்கள். பி12 140, அதுவும் குறைவு, அதற்கு ஊசி. தூக்க மாத்திரை அல்பிரசோலம்தான், மெல்லக் குறைக்கச் சொல்லி அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். மறதி நோயா இல்லையா என்று இப்போது எழுத மாட்டேன், இதையெல்லாம் சரி செய்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி சோதிப்போம் என்றார் டாக்டர். அடைப்புகள் இருப்பதால் பிரஷரும் சர்க்கரையும் கொழுப்பும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இப்போது வித்தியாசம் இருக்கிறது. சாயங்காலத்துத் தடுமாற்றம் நன்றாகக் குறைந்துவிட்டது, பேச்சில் பழைய சுறுசுறுப்பு வருகிறது. எல்லாம் திரும்பவில்லை. புதுப் பெயர்கள் நிற்பதில்லை, கடன் நோட்டை இன்னும் சித்தப்பாதான் ராத்திரி சரி பார்க்கிறார். ஒரு கேள்வி: ஓர்மைக்கென்று மாத்திரை உண்டாமே, அதைக் கேட்டு வாங்கலாமா?

மருந்துக்கடை அண்ணன், மார்த்தாண்டம்

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் என்பவற்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறதி நோய் என்று உறுதியானவர்களில் சிலருக்கு அவை கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது. டோனெபெசில் நாடித் துடிப்பைக் குறைக்கும், வயிற்றைப் புரட்டும், அதனால் இசிஜி பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. டாக்டர் பொறுக்கச் சொன்னால் பொறுப்பதே சரி. தெரிந்தவர் சீட்டை எடுத்து வந்து அதையே கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

களியக்காவிளை எல்லை

மகளே, இன்னொரு வேலையும் இப்போதே செய்யுங்கள், அப்பா தெளிவாக இருக்கும்போதே. வங்கிக் கணக்கில் அம்மா பெயரையோ உங்கள் பெயரையோ சேர்ப்பது, கடை வாடகை ஒப்பந்தம், நிலப் பத்திரங்கள் எங்கே என்று எழுதி வைப்பது. உயில் எழுத நினைத்தால், எழுதுகிறவர் தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். பவர் பத்திரம் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டால் அந்தப் பவர் செல்லாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பின்னாளில் தனக்கு எந்த மாதிரி மனநலச் சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் முடிவு சொல்ல வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். குணமாகாத ஒன்றைக் கண்டுபிடித்து என்ன பயன் என்று மேலே கேட்டிருந்தார்களே, இது ஒரு பயன். அந்த மனுஷர் தன் விருப்பத்தைத் தானே சொல்ல நேரம் கிடைக்கிறது.

தோவாளை பூக்காரி

அவசரம். யாராவது இருக்கிறீர்களா? அம்மைக்கு 78 வயது. நேற்று மத்தியானம்வரை பூத் தொடுத்துக்கொண்டு நன்றாக இருந்தாள். ராத்திரியிலிருந்து இல்லாத ஆட்களோடு பேசுகிறாள், சேலையைப் பிடித்து இழுக்கிறாள், என்னை யார் என்று கேட்கிறாள். நடுவில் கொஞ்ச நேரம் தூங்கிப் போகிறாள். லேசாக உடம்பு சுடுகிறது. இதுவும் மறதி நோய்தானா? திங்கட்கிழமை கூட்டிப் போகட்டுமா?

ஓய்வுபெற்ற செவிலி, நாகர்கோவில்

திங்கட்கிழமை வேண்டாம், இப்போதே. மறதி நோய் ஒரு ராத்திரியில் வராது. இப்படித் திடீரென்று குழம்பினால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம், சர்க்கரை, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா, ஒரு கை தூக்க முடியவில்லையா என்று பாருங்கள். சர்க்கரைக்காரி என்றால், மெஷின் இருந்தால் சர்க்கரை பாருங்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். பாதி தூக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீரோ கஞ்சியோ ஊற்ற வேண்டாம், புரை ஏறும். புது மாத்திரை ஏதாவது இந்த வாரம் தொடங்கியிருந்தால் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

தோவாளை பூக்காரி

ஆசாரிபள்ளத்தில் சேர்த்திருக்கிறோம். சிறுநீரில் கடுமையான தொற்று என்றார்கள், உடம்பில் நீரும் குறைந்திருக்கிறதாம். ஊசியும் டிரிப்பும் போகிறது. சாயங்காலம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னும் இடையில் இடையில் குழப்பம்தான்.

ஓய்வுபெற்ற செவிலி, நாகர்கோவில்

நல்லது. குழப்பம் முழுசாகத் தெளிய நாட்கள், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும், அதனால் பதற வேண்டாம். கண்ணாடி போடுகிறவள் என்றால் போட்டுவிடுங்கள். பகலில் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் இருக்கட்டும், ராத்திரி விளக்கு மங்கலாக இருக்கட்டும். தெரிந்த முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆள் மாற்றி மாற்றி கூட்டமாக நிற்க வேண்டாம். கட்டிப் போடச் சம்மதிக்காதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது, மூன்று மாதம் கழித்து ஓர்மைச் சோதனைக்கு வரலாமா என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி ஒரு தடவை குழம்பியவர்களுக்கு அதைப் பார்த்து வைப்பது அவசியம்.